மலை ஏறும்வரை தாங்கும்

கியர் லிவரின் தலையை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தால் போதும், வண்டி வைத்திருப்பவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடலாம். முரடன் கை பட்ட லிவர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். கவனமில்லாதவன் வண்டியில் நாலா பக்கமும் ஆடும். இருபத்தாறு வருடமாகப் போடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். என் கணிப்பு அநேகமாகத் தப்பியதில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா, நடந்ததை நடந்தபடி என் கையால் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுத்து எனக்கு வரும். தெருவில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான். என் பெயர் காசிமாயன், வயது நாற்பத்தொன்பது. ஏழு வருடத்துக்கு முன்னால், போடிமெட்டைத் தாண்டி ஒரு கார் பள்ளத்தில் விழுந்ததில் என் மனைவி ஜோதியும் அவள் தம்பி வினோத்குமாரும் இறந்தார்கள். அதே காரில் மலை ஏறிய நானும் என் மகள் முத்துப்பிரியாவும் பிழைத்தோம். அந்த மகள்தான் இப்போது உங்களிடம் மனுக் கொடுத்திருக்கிறாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. சின்னப் பிள்ளை.

ஜோதியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் பயந்த சுபாவம். ராசிங்காபுரத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தபோது அப்படி இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம்கூட எந்த ஊரு, எத்தனை பிள்ளைக என்று பேச ஆரம்பித்துவிடுவாள். அது சரியில்லை என்று எடுத்துச் சொன்னேன். ஒரு வருடத்தில் புரிந்துகொண்டாள். பிறகெல்லாம் என் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே டிவியை அணைத்துவிட்டு எழுந்து நிற்பாள். தட்டில் சோறு வைக்கும்போது அவள் கை லேசாக நடுங்கும். அதை ஒரு மரியாதையாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

ஏலக்காய் சீசனில் போடியில் வெளியாட்கள் நடமாட்டம் அதிகம். அதனால் ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பும்போது வீட்டை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவேன். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்கு நானே வந்து திறந்துவிடுவேன். ஒருநாள்கூடத் தாமதமானதில்லை. செல்போன் என்னிடம் ஒன்று இருந்தது, குடும்பத்துக்கு அது போதும். ஒரு தடவை ஜோதிக்கு இடது கை முறிந்தது. நானேதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மாவுக்கட்டுப் போட்டு முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன். நர்சம்மா கேட்டதற்கு, குளியலறையில் வழுக்கிவிட்டது என்று அவளாகவே சொன்னாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

வினோத்குமார் பூப்பாறைக்கு மேலே ஓர் எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்தான். அவன் பெண்சாதி ஈஸ்வரிக்கு அப்போது ஏழாம் மாதம். வளைகாப்புக்கு அக்காவையும் மருமகளையும் கூட்டிப்போக வந்தான். பத்து நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று நானும் சம்மதித்தேன். புதிதாக ஒரு கார் வாங்கியிருந்தான். அவனுக்குத்தான் புதிது, அவனுக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டிய வண்டி அது. அதை ஒர்க்‌ஷாப்புக்குள் கொண்டுவந்து நிறுத்தினான்.

“மாமா, செகண்டு போட்டா ஃபோர்த்துல விழுகுது. நியூட்ரல் எங்க இருக்குன்னு தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள அடுத்த வளைவு வந்துருது.”

பக்கத்துக் கொட்டகையில் டிங்கர் வேலை செய்யும் மொக்கையன் வந்து லிவரை ஆட்டிப் பார்த்தார். “ஏ மாப்ளே, இது கியரா, களி கிண்டுற துடுப்பா? இத வச்சுக்கிட்டா மலை எறங்கி வந்த? ஒன்னையப் பெத்தவுக செஞ்ச புண்ணியம்டா.”

“கிண்டல் பண்ணாம வெரசா சோலியப் பாக்கச் சொல்லுங்கண்ணே. நாளைக்குக் காலையில அக்காவக் கூட்டிக்கிட்டுக் கெளம்பணும்.”

அவன் சிரித்த மாதிரியே இருந்தான். ஆனால் என் முகத்தைப் பார்க்கும்போது மட்டும் கண் ஒரு நொடி விலகியது. அதைக் கவனித்தேன்.

காரை ஜாக்கியில் ஏற்றி அடியில் படுத்துப் பார்த்தேன். ஐயாவுக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாவிட்டால் சொல்கிறேன். லிவரிலிருந்து ஒரு நீளக் கம்பி கியர் பெட்டிவரை போகும். அது பெட்டியின் கையோடு சேரும் இடத்தில் புஷ் என்று ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதற்குள் ஒரு முளை. அந்த முளை நழுவி விழாமல் கடைசியில் ஒரு சின்னப் பின். சுண்டுவிரல் நகம் அளவுதான். ஓட்டுகிறவன் மனசில் நினைக்கும் கியர் பெட்டிக்குப் போய்ச் சேர்வது அந்தப் பின்னின் தயவில்தான். இந்தக் காரில் புஷ் பொடிப்பொடியாகப் போயிருந்தது. பின் இருந்த இடத்தில் துரு மட்டும் இருந்தது.

முன் சக்கரத்தையும் பார்த்தேன். பிரேக் கட்டை காகிதமாகத் தேய்ந்திருந்தது. அவன் கியரைத்தான் பார்க்கச் சொல்லியிருந்தான்.

மொக்கையனை ஸ்பேர் கடைக்கு அனுப்பினேன். அவர் புஷ்ஷும் பின்னும் வாங்கி வருவதற்குள், பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கும் பொன்னுமணி, சர்வீசுக்கு விட்டிருந்த தன் ஸ்கூட்டரை எடுக்க வந்தார்.

“என்னண்ணே, பாப்பாவுக்கு டி.சி. வாங்கிட்டாக. மேல எந்தப் பள்ளிக்கூடத்துல சேக்குறீக? அங்கிட்டுப் போனா மலையாளம்ல படிக்கணும்?”

“பாக்கணும்ணே,” என்றேன்.

“அக்கா ஒங்ககிட்டச் சொல்லலியோன்னு ஒரு நிமிசம் நெனச்சேன். நீங்க நாலு எடத்துக்கு அலையிற ஆளு, அதான் நான் வந்து கையெழுத்துப் போடுறேன்னு ஒங்க மச்சினன் சொன்னாரு.”

ஸ்கூட்டரைத் துடைத்துக் கொடுத்து அனுப்பினேன். அவர் போன பிறகு ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஐயா, நான் கோபக்காரன் இல்லை. எனக்கு வந்தது பயம். வீட்டைத் திறக்கிறேன், உள்ளே யாரும் இல்லை. டிவி அணைக்கும் சத்தம் இல்லை. எழுந்து நிற்க ஆள் இல்லை. அந்தக் காட்சி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. தனியாகச் சோறு தின்னும் ஒரு மனிதனை நான் அதுவரை கற்பனை செய்ததே இல்லை. அந்தப் பயத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் மற்றது புரியும்.

மொக்கையன் வந்து இரண்டு பொட்டலங்களையும் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். நான் மறுபடி காருக்கு அடியில் படுத்தேன். புது புஷ்ஷைப் போட்டேன். முளையைச் செருகினேன்.

எங்கள் ஊரில் இதில் ஒரு வழக்கம் உண்டு. எஸ்டேட் ஜீப்புகள் விடிந்தால் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போயாக வேண்டும். சாமான் கிடைக்காத நேரத்தில், பின் போடும் துளையில் கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கிவிடுவோம். “மலை ஏறும்வரை தாங்கும்” என்று சொல்லி அனுப்புவோம். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லா டிரைவருக்கும் தெரியும். ஏறும்போது கம்பி அறுந்து கியர் போனால் பிரேக்கை மிதித்து, சக்கரத்துக்குக் கல்லைக் கொடுத்து நிறுத்திவிடலாம். இறங்கும்போது கியர்தான் பாதி பிரேக். அதனால் கம்பியோடு யாரும் இறங்கமாட்டார்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் பின் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள்.

நான் கட்டுக்கம்பியைச் சுற்றினேன். இரண்டு சுற்று இல்லை, ஒரு சுற்று. பின் இருந்த பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வினோத்குமார் வந்ததும் தேவாரம் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். திரும்பி வந்து இறங்கியவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “வெண்ணெ மாதிரி விழுகுது மாமா. ஒங்க கைக்குத் தங்கக் காப்புத்தான் போடணும்.”

மலை ஏறும்வரை தாங்கும் என்று அவனிடம் நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். போடிமெட்டுவரை நானும் வந்து வழியனுப்பிவிட்டு பஸ்ஸில் திரும்புகிறேன் என்றேன். ஜோதி கையிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது. மஞ்சள் பையில் வளையல் டப்பாவும், அதற்கு அடியில் மகளின் டி.சி. வைத்த நீளக் கவரும் இருந்தன. கவரைப் பார்க்காததுபோல நான் எடுத்துக் கொடுத்தேன். “முன்னால ஒக்காரு ஜோதி, காத்து நல்லா வரும்,” என்றேன். மகளை என் பக்கத்தில் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டேன்.

முந்தலைத் தாண்டி ஏற்றம் தொடங்கியது. பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் செகண்டிலிருந்து ஃபர்ஸ்ட், ஃபர்ஸ்டிலிருந்து செகண்ட். லிவர் அசையும்போதெல்லாம் அடியில் அந்தக் கம்பியும் ஒரு மயிரிழை வளைந்து நிமிரும். எனக்கு அது கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்க வாய்ப்பில்லை. வினோத்குமாரின் இடது கையைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. மகள் ஜன்னலில் மூக்கை ஒட்டவைத்து வளைவு எண்ணிக்கொண்டு வந்தாள். “அஞ்சு... ஆறு...” ஒவ்வொரு எண்ணுக்கும் என் முதுகில் வேர்வை ஒரு கோடு இறங்கியது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும் ஐயா. அந்தக் காரில் மிகவும் பயந்துபோயிருந்தவன் நான்தான்.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். புலியூத்துப் பக்கம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அங்கே ரோடு குறுகல். எஸ்டேட்டுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்பு ஒன்று பஞ்சராகி நின்றது. வழிக்காக நாங்களும் நின்றோம். ஜீப்பிலிருந்து மூக்கம்மாள் என்று ஒரு பெண், வினோத்குமாருக்குத் தெரிந்தவள்போல, எட்டிப் பார்த்துக் கத்தினாள்.

“ஏ வினோத்து, அக்காவ மட்டும் கார்ல வச்சுக் கூட்டிட்டுப் போறியே, எங்களையும் டிக்கியில அள்ளிப் போட்டுக்கப்பா.”

“டிக்கியில சீர்த்தட்டு இருக்குத்தா. நீ ஏறுனா தட்டு சப்பையாப் போயிரும்.”

“போடா, நான் எளச்சுப் போயி ஏழு மாசமாச்சு.”

ஜோதி சிரித்தாள். வாயைப் பொத்தாமல், தலையைப் பின்னால் சாய்த்து, சத்தமாக. பத்து வருடத்தில் அந்தச் சத்தத்தை என் வீட்டில் நான் கேட்டதில்லை. பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். விளக்கை அணைத்த மாதிரி அந்தச் சிரிப்பு நின்றது. நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். ஜீப்பு வழி விட்டது.

போடிமெட்டில் மூடுபனி இறங்கியிருந்தது. செக்போஸ்ட்டுக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. டீக்கடை ஓரம் காரை நிறுத்தச் சொன்னேன். மகளுக்கு வயிற்றைப் பிரட்டுகிறது, வாந்தி வரும்போல இருக்கிறது என்றேன். அவளைக் கையைப் பிடித்து இறக்கி, கடைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் விட்டு, முகம் கழுவச் சொன்னேன். திரும்பி வந்தபோது பின்னால் ஒரு பஸ்ஸு நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. செக்போஸ்ட் ஆள் ஒருவர் காரின் கூரையைத் தட்டி, “சேட்டா, வண்டி எடுக்கு, வண்டி எடுக்கு,” என்று மலையாளத்தில் விரட்டினார்.

“முன்னால போயி வளைவு தாண்டி ஓரங்கட்டு மாப்ளே. நாங்க நடந்து வந்துர்றோம்,” என்றேன்.

ஜோதி கதவைத் திறந்துவிட்டாள். ஒரு கால் ரோட்டில் இருந்தது. “முத்து எங்க?”

“வாய் கொப்பளிக்கிறா. நீ ஏறு.”

“அவ வரட்டும். நான் அவளோட நடந்து வர்றேன்.”

அவள் என்னை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். ரோட்டில் வைத்த காலை எடுக்கவில்லை. பிள்ளையை நான் பிடித்து வைத்துக்கொள்வேன் என்று பயந்திருக்கிறாள். அவள் பயந்தது அதற்குத்தான். பஸ்ஸு மறுபடி ஹாரன் அடித்தது.

“ஜோதி,” என்றேன். சத்தம் போடவில்லை. வீட்டில் எப்படிச் சொல்வேனோ அப்படித்தான் சொன்னேன்.

அவள் காலை உள்ளே எடுத்துக்கொண்டாள். கதவை நான்தான் சாத்தினேன்.

காரின் சிவப்பு விளக்கு பனிக்குள் போனது. அங்கிருந்து பூப்பாறைப் பக்கம் இறக்கம். செகண்டிலிருந்து தேர்டுக்கு மாற்றும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எந்தக் கியர் விழும் சத்தமும் கேட்கவில்லை. இஞ்சின் மட்டும் இலகுவாக உறுமியது, சுமை இல்லாத வண்டி மாதிரி. கியர் நடுவில் நின்றுவிட்டால் அப்படித்தான் கேட்கும். நான் மகளுக்கு ஒரு பன்னும், எனக்கு ஒரு டீயும் சொன்னேன். டீ வருவதற்குள் கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தம் இல்லை. ஏலத்தோட்டத்துக்குள் ஒரு மரக்கிளை முறிந்த மாதிரி. கடைக்காரர்தான் முதலில் ஓடினார். மகள் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டேன். அவள் முகத்தை என் தோளில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

கேரளா போலீஸ்காரர்கள் நல்லபடியாக நடந்துகொண்டார்கள். பாறையில் மோதியதில் கியர் இணைப்புப் பிரிந்திருக்கிறது, பிரேக் தேய்மானம், பனி, மலைப்பாதை என்று எழுதினார்கள். எல்லாம் உண்மைதான். மஞ்சள் பையை என்னிடம் ஒப்படைத்தார்கள். வளையல்கள் ஒன்றுகூட உடையவில்லை. டி.சி.யைப் பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுத்து மகளை மறுபடி சேர்த்துவிட்டேன். ஊரே வாசலில் வந்து நின்று அழுதது. நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை. பெண்சாதியை இழந்தவன் நான். என் வயசில் பலரும் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார்கள். நான் செய்துகொள்ளவில்லை. மகளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டேன். வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். நேரம் தவறாமல் வந்து திறந்தேன். பத்து வயசுக்குள் அவளும் பைக் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கப் பழகிவிட்டாள்.

பின்னைப் போட மறந்துவிட்டேன் என்றுதான் ஏழு வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மனிதனுக்கு மறதி இயல்பு.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் மூணாறுக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். அனுப்பியது என் தவறு. திரும்பி வந்த அன்று மகள் சாப்பிடவில்லை. அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

“போறப்ப எல்லாத்துக்கும் மிஸ் வாந்தி மாத்திரை குடுத்தாக. எனக்கு வேணாம்னுட்டேன். நான் எந்த வண்டியிலயும் வாந்தி எடுத்ததே இல்லப்பா.”

நான் கை கழுவினேன்.

“அன்னைக்கும் எனக்கு வாந்தி வரல. வயித்தப் பெரட்டுதுன்னு நான் சொல்லவே இல்ல. பின்ன ஏம்ப்பா என்னைய மட்டும் எறக்குனீக?”

அவள் கண்ணைப் பார்த்தேன். அது ஜோதியின் கண். கதவைப் பிடித்திருந்த கையை அவள் விடவில்லை. பார்வையையும் எடுக்கவில்லை. படுக்கப் போ என்றேன். போனாள். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வரவில்லை.

மலையை விட்டு இறங்கிப் பொட்டிபுரத்தில் குடியிருக்கும் ஈஸ்வரி வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்து போனேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. மரியாதையாகத்தான் தட்டினேன். ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து ஈஸ்வரி சொன்னாள்: “அண்ணே, இங்கிட்டு நிக்காதீக. ஸ்டேசன்ல சொல்லியாச்சு.” அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு வினோத்குமாரின் பையன் நின்றான். அப்பனை அவன் பார்த்ததில்லை. அவனுக்குப் பின்னால், இருட்டில், என் மகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. மூச்சுவிடும் சத்தம்கூட எனக்குக் கேட்டது.

ஐயா, இனி மறைத்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. அந்தப் பின்னை நான் மறக்கவில்லை. ஸ்பேர் கடைப் பொட்டலத்தோடு, பிரிக்காமல், என் பர்சில் இருந்தது. இந்தத் தாளோடு குத்தி வைத்திருக்கிறேன். கம்பி எதுவரை தாங்கும் என்று எனக்குத் தெரியும். யார் யார் காரில் இருப்பார்கள், யாரை எங்கே இறக்க வேண்டும் என்பதும் முந்தலுக்கு முன்பே தெரியும். செய்தது நான். இதற்கு என்ன சட்டமோ அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இங்கே எழுத்து வேலை முடிந்ததும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். அவள் யாரோ சொல்லிக் கொடுத்துப் பேசவில்லை, பயந்துபோயிருக்கிறாள். பயந்த பிள்ளையை வைத்துப் பார்த்துக்கொள்ள ஈஸ்வரிக்குத் தெரியாது, எனக்குத்தான் பழக்கம். வீட்டுப் பூட்டுக்கு இன்று காலையில் எண்ணெய் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.